கத்திரி நுழைந்த பழைய கதவு

கத்திரி எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூற்று இருபது. கைமாற்றாக வாங்கியதல்ல. என் சம்பளத்திலிருந்து மாதம் மூவாயிரத்து எழுபது வீதம் ஆறு மாதம் அறுத்து எடுத்தது.

கத்திரி எங்கள் குடோனின் கணக்கு மேனேஜர். சரக்கு ஏற்றி இறக்கும் லோடர்கள் நாங்கள் வைத்த பெயர்தான் அது. சம்பளத்தைக் கையில் வாங்கும்போது நுனி வெட்டுப்பட்டே வரும். வயதில் பெரியவன், நேரில் சார் என்றுதான் சொல்வோம். இங்கே அவன் என்று எழுதுகிறேன். அந்த உரிமையாவது எனக்கு வேண்டும்.

நடந்தது இதுதான். டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்து இடித்தது. ஓட்டியவன் கத்திரியின் மாப்பிள்ளை. நான் மறுபக்கம் நின்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் சரிந்தன. என் கால் தப்பியது, சம்பளம் தப்பவில்லை. "அடுக்கினவன் ஒழுங்கா அடுக்கல," என்றான் கத்திரி. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். முதலாளியம்மா அப்போது வெளியூரில் இருந்தாள்.

என் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பிடித்தத்தில் வாடகை நின்றது. மெஷினை விற்றோம். வாங்க வந்தவன் ஆள் கூட்டி வரவில்லை, நானே தூக்கிக்கொண்டு போய் அவன் வண்டியில் வைத்தேன். மூட்டை தூக்கியே தேய்ந்த தோள் இது. அதன்மேல் அப்படியொரு கனம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மெஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு துருக்கறை மட்டும் நின்றுவிட்டது. அவள் தினமும் பெருக்கும்போது அந்த நாலையும் சுற்றிக்கொண்டு பெருக்குவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாயைத் திறந்து என்னைத் திட்டியிருந்தால் எனக்குப் பாதி வெறி அன்றைக்கே இறங்கியிருக்கும்.

இரண்டு வருஷம் போயிற்று. முதலாளியம்மா இரண்டாவது குடோன் வாங்கினாள். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம் இரண்டு இடத்துக் கணக்கைத் தாங்கவில்லை. அதைத் திருத்தி எழுதும் வேலை யார் யாரையோ சுற்றி, இரண்டே பெண்கள் நடத்தும் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போயிற்று. அதில் ஒருத்தி என் தங்கை.

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் லேப்டாப் பையோடு ஆபீஸ் படியேறும்போது நான் தோளில் பெட்டியோடு ஒதுங்கி வழிவிடுவேன். "தேங்க்ஸ்" என்பாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். வீட்டுக்கு வந்தால்தான் அண்ணா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், அந்த நாலு கறைக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அவன் சம்பளமும் இதுக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கு."

"கடைசி சைபரை எடுத்துடு."

"அண்ணா, இது மாவு சலிக்கற சல்லடை இல்ல, கல்லை மட்டும் எடுத்துப் போடறதுக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். "கேளு. சம்பளம் பூராவும் ஒரு டேபிள்ல இருக்கு. ஆளுக்கு ஒரு வரி. இந்த டேபிளை நாப்பது இடத்துலருந்து தொடறாங்க. வருகை போடற ஸ்கிரீன் தொடுது, ஓவர்டைம் ஸ்கிரீன் தொடுது, அட்வான்ஸ் ஸ்கிரீன் தொடுது. எது எப்ப எதை மாத்திச்சுன்னு கடவுளுக்கே தெரியாது."

"நம்ம ஸ்டோர் ரூம் முன்னாடி இருந்த மாதிரி," என்றேன். எங்கள் ஸ்டோர் ரூமுக்கு முன்பெல்லாம் பூட்டுக் கிடையாது. கயிறு, கொக்கி, கையுறை எது வேண்டுமானாலும் உள்ளே போய் அவனவன் எடுத்துக்கொள்வான். சாயங்காலம் பார்த்தால் ஒன்றும் இருக்காது, யாரும் எடுத்திருக்கவும் மாட்டார்கள். அப்புறம்தான் கவுன்டர் போட்டு ஒரு ஸ்டோர்கீப்பரை உட்கார வைத்தார்கள்.

"அதேதான்! நானும் டேபிளுக்கு முன்னாடி ஒரு கவுன்டர் போடறேன். கிளாஸ்னு சொல்லுவோம். டேபிள் பின்னாடி இருக்கும், யாரும் உள்ள போகக் கூடாது. எது வேணும்னாலும் கிளாஸைத்தான் கேக்கணும். 'இவனுக்குப் பிடித்தம் போடு'ன்னா, எதுக்கு, யாரு சொன்னா, முதலாளியம்மா சரின்னாங்களான்னு கேக்கும். பிடித்தம் விழுந்தவன் பார்த்துட்டேன்னு அமுக்கினாத்தான் ஏத்துக்கும். எல்லாத்தையும் குறிச்சும் வெச்சுக்கும்."

"அந்த ஸ்டோர்கீப்பரை எழுதறதே நீதானே? கத்திரி பேரு வந்தா மட்டும் மாசம் ஒரு ஆயிரத்தை எடுத்து என் வரியில போடச் சொல்லு."

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஆயிரம் போதுமா?"

இரண்டு வருஷத்தில் அந்த விஷயத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, அப்படி எழுதினா நானும் இன்னொரு கத்திரிதான். எனக்கும் அவன்மேல ஆத்திரம் இருக்கு. ஆனா என் கை படக் கூடாது. அவன் கையே படணும்."

ஆபீஸில் அவன் பக்கத்தில் நின்று பார்த்துக் கண்டுபிடித்திருந்த விஷயத்தை அப்போதுதான் சொன்னாள். கத்திரி எந்த ஸ்கிரீன் வழியாகவும் போவதில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, நேராக டேபிளுக்குள் இறங்கி ஒரு வாக்கியம் தட்டிவிட்டு வருகிறான். என் மூவாயிரத்து எழுபதும் அப்படித்தான் போயிருக்கிறது.

"அப்போ மாட்டினான்ல?"

"எங்க? மாசாமாசம் எடுத்து வெச்ச டேபிள் காப்பியைப் பார்த்தா காசு குறைஞ்சது தெரியுது. குறைச்சது யாருன்னு அதுல பதிவாகல. கேட்டா பழைய புரோகிராம் கோளாறும்பான். அந்தக் கோளாறைச் சரி பண்ணத்தானே என்னையே கூப்பிட்டிருக்காங்க?" லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "ஆனா ஒண்ணு. உங்க எல்லாருக்கும் சேர்த்துப் பிடிக்கும்போது 'எல்லா வரியிலயும் நூத்துக்கு இருபது குறை'ன்னு ஒரே வாக்கியம்தான் போடறான். யார் யாருக்குன்னு சொல்றதே இல்ல. அந்த டேபிள்ல லோடர்ஸ் மட்டும்தானே இருந்தீங்க, சொல்ல வேண்டிய அவசியமில்ல."

"இருந்தோம்னா? இப்ப?"

"ரெண்டு குடோனுக்கும் ஒரே டேபிள் இருந்தாத்தான் சரியா வரும். அதனால ஆபீஸ்காரங்களையும் அதே டேபிள்ல கொண்டுவந்துட்டேன். யார் லோடர், யார் ஆபீஸ்னு கிளாஸ் பிரிச்சுப் பார்த்துக்கும். கிளாஸ் வழியா வந்தா."

எனக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அவன் வரியும் அதுலயா இருக்கு?"

"அவன், அவன் மாப்பிள்ளை, முதலாளியம்மாவோட தம்பி. எல்லாரும்."

"நேரா போற கதவை மூடிடுவியே?"

"மூடணும். ஒண்ணாம் தேதி சம்பளம் போனப்புறம் மூடறேன்னு திட்டத்துல எழுதிக் குடுத்திருக்கேன்." என்னைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்தாள். "நேரா போகாதீங்கன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன். அதுக்கு மேல அவன் போனா..."

"போவான். போக வைக்க எனக்குத் தெரியும்."

"என்ன பண்ணப் போறேன்னு எங்கிட்ட சொல்லித் தொலைக்காதே."

மீட்டிங் அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போட என்னையும் ஊமையையும் கூப்பிட்டார்கள். ஊமை என்கூட லோடு ஏற்றுகிறவன். தூங்கும்போதுகூடப் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். நாற்காலி போட்டுவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டோம்.

தங்கை முதலாளியம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். "டேபிளோட அமைப்பு மாறியிருக்கு மேடம். இப்ப அதுல லோடர்ஸ் மட்டும் இல்ல. எதை மாத்தணும்னாலும் புது ஸ்கிரீன் வழியா, கிளாஸ் மூலமா மட்டும் மாத்தணும். நேரா உள்ள போனா காவல் எதுவும் இல்ல."

கத்திரி போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான். "ஏம்மா, பத்து வருஷமா எங்க வீட்டு வாசல் மாதிரி போயிட்டு வந்துட்டிருக்கேன். நேத்து வந்த நீ கவுன்டர் போட்டு எனக்கு டோக்கன் குடுப்பியா?"

ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

"டோக்கன் இல்ல சார். சொன்னதைக் கேட்டுக்கிட்டா போதும்."

"சரி சரி, கேட்டாச்சு," என்றான் போனைப் பார்த்தபடியே. கேட்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மாதக் கடைசி வாரத்தில், இருக்கிறதிலேயே பெரிய நீலத் தார்ப்பாயை மடித்து, வெள்ளைத் தார்ப்பாய் அடுக்குக்கு அடியில் வைத்து, மேலே வெள்ளையை ஏற்றிவிட்டேன். கேட்டைத் தாண்டவில்லை. குடோன் பொருள் குடோனிலேயே இருந்தது. யார் தலையில் கை வைத்தும் சத்தியம் செய்வேன்.

சரக்கு எண்ணும் நாளில் கத்திரி ஷெட்டுக்கு வந்தான். நீலம் ஒன்று குறைந்தது.

"எவன் வீட்டுக் கூரைமேலடா கிடக்கு என் தார்ப்பாய்?"

"சார், என் வீட்டுக்குக் கூரையே கிடையாது. மேல்மாடிக்காரன்தான் இருக்கான். அவனை வேணா மடிச்சு எடுத்துட்டுப் போங்க," என்றான் ஊமை.

"சிரிங்கடா. ஒண்ணாம் தேதி எல்லாருக்கும் நூத்துக்கு இருபது பிடிக்கறேன். அப்பவும் இதே மாதிரி சிரிக்கணும்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஊமையின் மனைவிக்கு எட்டாம் மாதம். அவன் வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்திரி இந்த ஒரு தடவை மட்டும் புத்தியோடு நடந்துகொண்டுவிட்டால், ஊமையின் பிரசவச் செலவில் கை வைத்தவன் நானாகிவிடுவேன். தார்ப்பாயை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று அடுக்குப் பக்கம்கூடப் போனேன். அங்கே நின்றபோது அந்த நாலு கறைதான் கண்ணில் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி யார் போனிலும் பேங்க் மெசேஜ் வரவில்லை. பத்து மணிவரை பார்த்தோம். பதினொன்றுக்கு லாரியிலிருந்து இறங்கிவிட்டோம். "சம்பளம் ஏறாம சரக்கும் ஏறாது," என்று ஊமை டிரைவரிடம் சொல்ல, எல்லோருமாக ஆபீஸ் படியேறினோம்.

மேலே போனால் ஆபீஸ்காரர்களும் வெறும் போனோடுதான் நின்றார்கள். முதலாளியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். தங்கை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். கத்திரியின் சட்டை, ஏசிக்கு அடியிலும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கிளாஸ் ஒரு தடவை சரி பார்க்கும் மேடம்," என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். "அது தன் குறிப்பைக் கூட்டிப் பார்த்து, டேபிள்ல இருக்கற தொகையோட ஒத்துப்பார்க்கும். ஒத்துப்போகலன்னா பணத்தை விடாது. இன்னிக்கு ஒரு வரிகூட ஒத்துப்போகல. எல்லாருக்கும் நூத்துக்கு நாலு குறையுது."

"நாலா? அது என்ன கணக்கு?"

"யாரோ நேரா உள்ள போய் எல்லா வரியிலயும் இருபது சதவீதம் குறைச்சிருக்காங்க. அப்புறம் ஆபீஸ்காரங்களுக்கும் குறைஞ்சதைப் பார்த்துப் பதறிப்போய் இருபது சதவீதம் ஏத்தியிருக்காங்க. நூறுல இருபது போனா எண்பது. எண்பதுக்கு இருபது சதவீதம் பதினாறுதானே? தொண்ணூத்தாறுலயே நின்னுடுச்சு."

"குறைச்ச கைக்கு ஏத்தத் தெரியல பாரு. பழக்கமில்லாத வேலை," என்றான் ஊமை பின்னாலிருந்து. படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு போயிற்று.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "நேரா போற பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

"என் தம்பி சம்பளத்துலயே கை வெச்சிருக்கீங்க?"

"ஐயோ, இல்லம்மா! தம்பிக்குப் போய்... லோடர் பசங்களுக்குத்தாம்மா போட்டேன். தார்ப்பாய் காணாமப் போச்சு, அதுக்காக..."

அவன் வாயாலேயே வந்துவிட்டது. தங்கை திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"லோடர்ஸுக்குப் பிடிக்கச் சொல்லி நான் எப்ப சொன்னேன்?" என்றாள் முதலாளியம்மா.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "அப்போ டைல்ஸ் உடைஞ்சதுக்கும் நீங்க சொல்லலையாம்மா?"

"எந்த டைல்ஸ்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி சரிஞ்சது. எங்கிட்ட பதினெட்டாயிரத்து நானூத்தி இருபது பிடிச்சாங்க."

"அதுக்கு இன்ஷூரன்ஸ்காரன் முழுசாக் குடுத்துட்டானே!"

சொன்னபிறகுதான் அவளுக்கே விஷயம் புரிந்தது. பிறகு கத்திரியைத் தன் அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிடித்த பணமெல்லாம் எங்கே போயிற்று என்று உள்ளே கேட்டிருப்பாள். மாப்பிள்ளையின் புது பைக்கைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

அன்று மாலைக்குள் எல்லோருக்கும் முழுச் சம்பளம் வந்தது. பழைய கதவைத் தங்கை என் கண்ணெதிரே மூடினாள். சத்தம் எதுவும் வரவில்லை, ஒரு விசையை அமுக்கினாள், அவ்வளவுதான். கீழே வெள்ளைத் தார்ப்பாய் எடுக்கப் போன ஊமை, "டேய், நீலம் இங்கயே இருக்குடா!" என்று கத்தினான். கத்திவிட்டு என்னைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மறுபடி மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் பெயருக்கு ஏற்ற மாதிரி இருந்தது அந்த ஒருநாள்தான்.

மறுநாள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டாள். கத்திரியை மேனேஜர் நாற்காலியிலிருந்து இறக்கி, கேட் ரசீது எழுதும் இடத்தில் உட்கார வைத்திருந்தாள். மற்றவர்களிடம் பிடித்ததையெல்லாம் கம்பெனியே கொடுத்துவிட்டு அவனிடம் வசூலிப்பதாகச் சொன்னாள். என் தொகை பெரியது. "இப்பவே மொத்தமா வாங்கிக்கோ," என்றாள்.

"மொத்தமா வேண்டாம்மா. அவர் சம்பளத்துலருந்து மாசம் மூவாயிரத்து எழுபது. ஆறு மாசம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவசரம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சும்மா. அது அப்பவே போயிடுச்சு."

தங்கை கிளாஸ் வழியாகவே அதைப் போட்டாள். காரணம், தொகை, முதலாளியம்மாவின் சம்மதம். ஒவ்வொரு மாதமும் கத்திரி திரை முன்னால் வந்து, தன் பிடித்தத்தைப் பார்த்துவிட்டு அமுக்க வேண்டும். அந்த நாளில் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஆபீஸ் வாசலில் நின்றுகொள்வேன். அவன் விரல் அமுக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் இறங்கும்.

மூன்றாவது மாதம் அவன் குழாயடிக்கே வந்துவிட்டான்.

"ஏன்ப்பா, மீதியை மொத்தமா வாங்கிட்டுப் போயேன். மாசாமாசம் வீட்டுல கேள்வி வருது. என்னால முடியல."

"எங்க வீட்டுல மூணாவது மாசம்தான் சார் மெஷின் போச்சு," என்றேன்.

எந்த மெஷின் என்று அவன் கேட்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனான். பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஒரு நிமிஷம்தான்.

ஆறாவது மாதமும் வந்தது. அந்தப் பணத்தில் பழைய மெஷின் ஒன்று வாங்கி வந்தோம். இதன் கால்கள் அகலம் குறைவு, பழைய கறையில் பொருந்தவில்லை. மனைவி நாலு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

தங்கை மெஷினைப் பார்க்க வந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு மாசம் போட்டுவிடேன். வட்டின்னு வெச்சுக்கோ," என்றேன்.

"நீயே போட்டுப் பாரு." அவள் வேலைக்காக வைத்திருந்த புரோகிராம் நகலைத் திறந்து, லேப்டாப்பை என் மடியில் வைத்தாள்.

கத்திரியின் வரியைத் தேடி எடுத்து, மூவாயிரத்து எழுபது என்று ஒவ்வொரு எண்ணாகத் தேடி அமுக்கினேன். ஒரே ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பாக்கி இல்லை. பிடித்தம் போட முடியாது.'

"நீ எழுதினதுதானே இது? உன் பேச்சைக் கேக்காதா?"

"எம்பேச்சையும் கேக்காது அண்ணா. உன்னோடதும் கேக்காது. கத்திரியோட பேச்சையும் இனிமே கேக்காது. அதுக்குத்தானே போட்டோம்?"

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். எதிர்ச் சுவரோரம் மெஷின் நின்றது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கணக்கு முடிஞ்சுதாம்."

"அதுக்கு முடிஞ்சிருக்கும்," என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.